புதைபடிவ எலும்பை நெல்லை ஸ்கேன் சென்டரில் ஸ்கேன் எடுக்கலாமா? ஒரு மதிப்புரை

எடுக்கலாம். மாடு, எருமை, காண்டாமிருகம், யானை போன்ற பெரிய விலங்கின் தாடை, கொம்பின் அடி, மண்டையோட்டுத் துண்டு, கால் எலும்பு என்றால், பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் நோயாளிகளுக்காக ஓடுகிற சாதாரண சி.டி. ஸ்கேன் இயந்திரமே போதும். எலி, வௌவால் எலும்புக்குப் போதாது. பல் எனாமலின் கனத்தைத் துல்லியமாக அளக்கவும் போதாது. போதும் என்கிற வேலையிலும் ஒரு நிபந்தனை உண்டு. படம் நன்றாக வருவதும் வீணாகப் போவதும் இயந்திரத்தின் விலையைவிட, எலும்பைப் படுக்கையில் வைப்பதற்கு முன் டெக்னீஷியனிடம் என்ன கேட்டோம் என்பதைப் பொறுத்தது.

இங்கே மதிப்பிடுவது இரண்டு. ஒன்று, நெல்லையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரின் சேவை. 16 ஸ்லைஸ் இயந்திரம், அதாவது ஒரு சுற்றில் 16 துண்டுப் படம் எடுப்பது. பெயர் தேவையில்லை, ஏனென்றால் கீழே சொல்லும் நிறைகுறைகள் இந்த வகை சென்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இரண்டாவது, அந்தப் படங்களை முப்பரிமாண உருவாக்கும் 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள். சோதனைக்கு வைத்தவை மூன்று: சுக்கான் கல் (மண்ணில் உறையும் சுண்ணாம்புக் கல்) இறுகப் பற்றிய 29 செ.மீ. நீள மாட்டினக் கீழ்த்தாடை, செம்மணல் உள்ளே நிறைந்த கொம்பு அடி ஒன்று, தனிக் கடைவாய்ப்பல் ஒன்று.

மருத்துவ ஸ்கேனைக் கல்லெலும்புக்குப் பயன்படுத்துவது புது யோசனை அல்ல. நோயாளிக்கு முதல் சி.டி. ஸ்கேன் லண்டனில் 1971-இல் எடுக்கப்பட்டது. 1984-இல் கான்ராய், வானியர் இருவரும் ஸ்டெனோப்சோகோரஸ் என்ற அழிந்துபோன குளம்பு விலங்கின் மண்டையோட்டை ஆஸ்பத்திரி ஸ்கேனரில் வைத்து, உள்ளே இறுகிப்போயிருந்த கல்லை உடைக்காமலே மூளை இருந்த குழியைக் கணினியில் பிரித்துக் காட்டினார்கள். அன்று அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது. இன்று அதைவிட நல்ல இயந்திரம் நம் ஊர்த் தெருவிலேயே இருக்கிறது. அதனால்தான் இதைத் தமிழில் விவரமாக எழுதி வைப்பது அவசியம் என்று நினைக்கிறோம். உளியும் ஊசியும் கொண்டு கல்லை உரித்து, பல்லின் வேரையும் சேர்த்து உடைத்துவிட்டால் அந்த எலும்பு போனது போனதுதான்.

கரிசலும் தேரியும்

நெல்லைச் சீமையில் எலும்போடு ஒட்டிவரும் மண் இரண்டு வகை. ஸ்கேனில் இரண்டும் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஓடைகளில் சுக்கான் கல் எலும்பைக் கவ்விக்கொண்டிருக்கும். சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரியில் இரும்பு ஆக்சைடு பூசிய செம்மணல்.

சி.டி. ஸ்கேன் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் என்பார்கள். காற்றுக்கு −1000, தண்ணீருக்கு 0. உயிருள்ள உடலில் கெட்டியான எலும்பு 1000-ஐத் தாண்டும். கல்லாகிப்போன எலும்பு 2000-ஐயும் தாண்டிப் போவது வழக்கம். எலும்பின் கனிமம் அபடைட், சுக்கானின் கனிமம் கால்சைட். அடர்த்தியில் அபடைட் சுமார் 3.2, கால்சைட் 2.7. எக்ஸ்ரேயைத் தடுக்கும் திறனில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே சுக்கான் கெட்டியாக இருந்தால் எலும்பும் கல்லும் படத்தில் ஒரே சாம்பல் நிறம். எங்கே எலும்பு முடிகிறது, எங்கே சுக்கான் தொடங்குகிறது என்று கண்ணுக்கே தெரியாது. சில புது இயந்திரங்களில் இரட்டை ஆற்றல் ஸ்கேன் உண்டு, அது பிரித்துக் கொடுக்கும் என்று சொல்வதைக் கேட்கலாம். அது வேலை செய்வது இரண்டு பொருள்களின் அணு எண் வித்தியாசத்தை வைத்து. கால்சைட்டிலும் அபடைட்டிலும் தடுக்கிற வேலையைப் பெரும்பாலும் செய்வது கால்சியமே. எனவே அதற்காகக் கூடுதல் பணம் கட்ட வேண்டாம்.

மணல் நல்லது. குவார்ட்ஸ் எக்ஸ்ரேயைக் குறைவாகவே தடுக்கும். மணிகளுக்கு இடையே காற்றும் இருப்பதால் எண் இன்னும் இறங்கும். கொம்பு அடியின் உள்ளறைகள் அத்தனையும் மணலுக்குள்ளிருந்து தெளிவாகப் பிரிந்து வந்தன. ஆனால் தேரி மணலுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. அதில் இல்மனைட் என்ற கருங்கனிமம் இருக்கிறது. அடர்த்தி 4.7, உள்ளே இரும்பும் டைட்டேனியமும். அந்தக் கருமணிகள் ஒன்றாகச் சேர்ந்த இடம் எலும்பைவிட வெள்ளையாகத் தெரியும். மென்பொருளில் 'இந்த எண்ணுக்கு மேலே எல்லாம் எலும்பு' என்று சொன்னால் இல்மனைட் வரியையும் எலும்பாகவே எடுத்துக்கொள்ளும். கொம்பின் உட்சுவரில் இல்லாத மேடுகள் முளைத்துவிடும். கீழ் எல்லையோடு ஒரு மேல் எல்லையும் வைத்தால் பெரும்பகுதி போய்விடும், மீதியைக் கையால் அழிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஆதிச்சநல்லூர் மாதிரித் தாழிகளிலிருந்து வரும் எலும்பு புதைபடிவம் அல்ல. கல்லாகாத அந்த எலும்புக்குக் கீழே சொல்லும் அமைப்புகள் பொருந்தாது. எண்கள் குறைவு, எலும்பு உதிரும், எடுத்துவருவதற்கான முறையும் வேறு.

கவுண்டரில் கேட்க வேண்டியது

இந்தச் சேவையில் ஏமாற்றம் வருவது பெரும்பாலும் பில் போடுகிற இடத்தில்தான். சென்டரின் வழக்கமான வரிசை இது: 5 மி.மீ. தடிமனில் படங்களை உருவாக்குவார்கள், அதை ஃபிலிமில் அச்சடிப்பார்கள், கூடவே ஒரு குறுந்தட்டு கொடுப்பார்கள். டாக்டர் பார்ப்பதற்கு அது சரி. நமக்கு அது ஒன்றுக்கும் உதவாது. 29 செ.மீ. தாடையை 5 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் 58 படம். ஒரு பல்லின் வேர் இரண்டு மூன்று படத்தில் முடிந்துபோகும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எந்த மென்பொருளும் அதிலிருந்து நல்ல உருவம் எடுக்க முடியாது.

எனவே முதலிலேயே இப்படிச் சொல்லிவிடுவது நல்லது: "அண்ணாச்சி, ஃபிலிம் வேண்டாம். மெலிசு ஸ்லைஸ் முழுசும் டைகாம் ஃபைலா பென்டிரைவ்ல வேணும். உள்காது ஸ்கேனுக்கு வைக்கிற அமைப்புல எடுத்துத் தாங்க." டைகாம் என்பது மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம். உள்காது என்றதும் அனுபவமுள்ள டெக்னீஷியனுக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். காதுக்குள் இருக்கும் நுண்ணெலும்புகளுக்காக வைத்திருக்கும் அந்த அமைப்பில் மெல்லிய ஸ்லைஸ், சின்னப் பரப்பு (படத்துக்குள் அடங்கும் இடத்தின் அகலம்), கூர்மையான கெர்னல் (படத்தைக் கூர்மையாக்கவோ மிருதுவாக்கவோ செய்யும் கணக்கு வடிகட்டி) மூன்றும் ஏற்கெனவே இருக்கும்.

'ரா டேட்டா வேண்டும்' என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்கேன் அறையில் ரா டேட்டா என்றால் படமாக மாறுவதற்கு முந்திய டிடெக்டர் பதிவு. அதை வெளியே எடுத்து வந்தாலும் நம் கணினியில் திறக்க முடியாது. ஆனால் அது இயந்திரத்தில் இருக்கும்வரைதான் பரப்பையோ கெர்னலையோ மாற்றி மறுபடி படம் உருவாக்க முடியும். புது நோயாளிகள் வர வர அது சில நாளில் அழிந்துவிடும். மெல்லிய ஸ்லைஸ்களும் பெரும்பாலும் சென்டரின் நிரந்தரச் சேமிப்புக்குப் போவதில்லை. ஒரு வாரம் கழித்துப் போய் 'மெலிசா மாத்திக் குடுங்க' என்றால் கையை விரிப்பார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. அன்றைக்கே, அங்கேயே உட்கார்ந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி எண்கள். ஸ்லைஸ் தடிமன் 0.6 அல்லது 0.625 மி.மீ.; இடைவெளி அதில் பாதி, 0.3 மி.மீ. இப்படி ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி கேட்டால் மேற்பரப்பில் படிக்கட்டு மாதிரி வரிகள் வெகுவாகக் குறையும். ஒவ்வொரு படமும் 512-க்கு 512 புள்ளி. பரப்பு 500 மி.மீ. வைத்தால் ஒரு புள்ளி 0.98 மி.மீ. பரப்பை 160 மி.மீ.க்குச் சுருக்கினால் அதே புள்ளி 0.31 மி.மீ. ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் மூன்று மடங்கு நுணுக்கம் கிடைக்கிறது. இதைக் கேட்காமல் விடுவதுதான் நாங்கள் பார்த்த தவறுகளிலேயே அதிகம் நடப்பதும், எளிதில் தவிர்க்கக்கூடியதும்.

மின்னழுத்தம் 120 வேண்டாம், 140 கிலோவோல்ட். 130 வரைதான் போகும் இயந்திரம் என்றால் 130. கல் கனமானது, குறைந்த ஆற்றல் கதிர்கள் உள்ளே நுழையாமலே நின்றுவிடும். எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு) 250 முதல் 300 வரை நிலையாக வைக்கச் சொல்லுங்கள். தானியங்கிக் கதிர் அளவைக் கட்டாயம் அணைக்க வேண்டும். முன்னோட்டப் படத்தில் சின்னப் பொருளாகத் தெரிவதால், குழந்தை படுத்திருக்கிறது என்று எண்ணி இயந்திரம் கதிரைக் குறைத்துவிடும். படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் விழும். பிட்ச் (ஒரு சுற்றில் படுக்கை நகரும் தூரத்துக்கும் கதிரின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) 1-க்குக் கீழே. கான்ட்ரி (ஸ்கேனின் வளையம்) சாய்வு 0. உலோகத்தால் படத்தில் விழும் கீற்றைக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடலாம். கனமான எனாமலை உலோகம் என்று எண்ணி அது ஓரங்களைத் தின்றுவிடும்.

இரண்டு கெர்னலில் படம் வாங்குவது நல்லது. எலும்புக் கெர்னல் ஓரங்களைக் கூர்மையாக்கும், ஆனால் இரைச்சலையும் கூட்டும், ஓரத்தில் பொய்யாக ஒரு வெள்ளைக் கோடும் போடும். மென்திசுக் கெர்னல் மங்கல்தான், ஆனால் எண்கள் நம்பகமானவை. கண்ணால் பார்க்க முதலாவது, எல்லை பிரிக்க இரண்டாவது.

இன்னொன்று கேட்டே ஆக வேண்டும்: நீட்டிக்கப்பட்ட ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுகோல். சாதாரண அளவுகோல் 3071-இல் நின்றுவிடும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் 3071 என்றே பதிவாகும். கல்லான பல்லில் எனாமல் அந்த எல்லையை எளிதாகத் தாண்டுகிறது. அப்போது எனாமலும் அதன் அருகே உள்ள கெட்டியான பகுதியும் ஒரே வெள்ளைச் சுவர். தனிக் கடைவாய்ப்பல்லில் முதல் முறை நடந்தது இதுதான். மெனுவில் ஒரு குறி மாற்றி மறுபடி படம் உருவாக்கியதும் எனாமல் மடிப்புகள் தனியே தெரிந்தன. இந்த வசதி எல்லா இயந்திரத்திலும் இருப்பதில்லை. பல் முக்கியம் என்றால் இதை விசாரித்த பிறகே சென்டரைத் தேர்ந்தெடுங்கள்.

கோப்பின் அளவுக்கும் தயாராகப் போக வேண்டும். ஒரு படம் அரை எம்.பி. தாடைக்கு 0.3 மி.மீ. இடைவெளியில் ஆயிரம் படம் வரை வரும், 500 எம்.பி. இரண்டு கெர்னல் என்றால் ஒரு ஜி.பி. 700 எம்.பி. குறுந்தட்டில் அது அடங்காது. புதிதாக ஃபார்மட் செய்த 16 ஜி.பி. பென்டிரைவ் கொண்டுபோங்கள். சென்டர் கணினியில் வைரஸ் பயத்தால் வெளி பென்டிரைவை மறுப்பதும் உண்டு. பையிலிருந்து பிரிக்காத புதியதைக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நோயாளி பெயர் என்ற இடத்தில் மாதிரி எண்ணைத் தரவும். வயது 40 என்று போடச் சொல்லவும். குழந்தை வயது போட்டால் சில இயந்திரம் குழந்தை அமைப்புக்கே போய்விடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பென்டிரைவில் வேறு நோயாளியின் படம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் திறந்து பார்க்காமல் சென்டருக்குச் சொல்லி அழித்துவிட வேண்டும்.

எலும்பை வைப்பது

மணல் உதிரும் பொருளை அப்படியே ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கான்ட்ரிக்குள் சுழலும் பாகத்தில் மணல் புகுந்தால் இழப்பு அவர்களுக்கு, அடுத்த முறை கதவு மூடுவது நமக்கு. சமையலறையில் பயன்படும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்று, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே தாங்கலுக்கு மெத்தைக் கடையில் கழித்துப் போடும் ஃபோம் துண்டு போதும். எக்ஸ்ரேக்கு அது கிட்டத்தட்டக் காற்றுதான். இலவம் பஞ்சு வேண்டாம். நார் எலும்பின் துளைகளில் சிக்கிக்கொள்ளும். பெட்டியில் ஆணி, ஸ்டேப்ளர் பின், இரும்புப் பூட்டு எதுவும் கூடாது. பழைய சேகரிப்புகளில் உடைந்த எலும்பை உள்ளே கம்பி வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒரு சின்ன இரும்புக் கம்பி போதும், படம் முழுக்க நட்சத்திரம் வெடித்த மாதிரிக் கீற்று ஓடும். சந்தேகம் இருந்தால் முன்னோட்டப் படத்திலேயே தெரிந்துவிடும்.

நீளமான எலும்பை நோயாளி படுப்பதுபோலப் படுக்கையின் நீளவாக்கில் வைக்க வேண்டும். கதிர் சுற்றிவரும்போது குறுக்குவெட்டை மட்டுமே கடக்கிறது, கடக்கும் கல்லின் கனம் குறைகிறது. குறுக்கே வைத்தால் ஒரு கோணத்தில் 29 செ.மீ. கல்லையும் கடந்தாக வேண்டும். அந்தத் திசையில் கருப்புப் பட்டைகள் விழும். கனமான பொருளில் ஓரம் வெளுத்து நடு இருண்டு தெரிவதும் இதே காரணத்தால்தான். வலுவற்ற கதிர்கள் வெளிப்புறத்திலேயே வடிகட்டப்பட்டுவிடுகின்றன. யானைத் தொடையெலும்பு போன்றவற்றில் இது மோசமாக இருக்கும். யானையின் கைகால் எலும்புகளில் மஜ்ஜைக் குழி கிடையாது, உள்ளே முழுக்க நுண்வலை எலும்பு. அது கல்லாகிவிட்டால் நடு இருட்டைப் பார்த்து 'இங்கே குழி இருக்கிறது' என்று தவறாகப் படித்துவிட வாய்ப்பு மிக அதிகம்.

பக்கத்தில் மூன்று பொருள் வையுங்கள். வெர்னியரில் அளந்த ஒரு நைலான் தண்டு, அளவைச் சரிபார்க்க. ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர், எண் 0 காட்டுகிறதா என்று பார்க்க. எலும்பின் வலப்பக்கம் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் எழுத்து. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். டைகாம் படங்களை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது இட வலம் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறிவிடுவது உண்டு. இடது தாடை வலது தாடையாகிவிட்டால் எல்லா ஒப்பீடும் தவறு. எழுத்து இட வலம் மாறித் தெரிந்தால் உடனே பிடிபட்டுவிடும்.

ஸ்கேனுக்கு முன் யோசிக்க வேண்டிய ஒன்று காலக்கணிப்பு. பல் எனாமலை எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு முறையிலும், மணலை ஒளிர்வு முறையிலும் காலம் கணிப்பது, அவை மண்ணுக்குள் வாங்கிய கதிர்வீச்சை அளந்துதான். நாம் எக்ஸ்ரே கொடுத்தால் அந்தக் கணக்கில் நம் பங்கும் சேரும். மருத்துவ ஸ்கேனின் அளவு சிறியதே, ஆனாலும் காலக்கணிப்புக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் எனாமல் துணுக்கை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு ஸ்கேனுக்குப் போக வேண்டும். ஸ்கேன் எடுத்த தேதி, மின்னழுத்தம், எம்.ஏ.எஸ். மூன்றையும் மாதிரிச் சீட்டில் எழுதவும். எலும்பு கதிரியக்கம் உடையதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், எக்ஸ்ரே அதைச் செய்யாது.

நேரம்: இரவு 9 மணிக்கு மேல் கேட்பது நல்லது. பகலில் நோயாளி வரிசைக்கு நடுவே கல்லை நீட்டுவது முறையல்ல. இரவிலும் விபத்துக் கேஸ் வந்தால் நம் வேலை நிற்கும், நிற்கத்தான் வேண்டும்.

ஸ்லைசர் மென்பொருள்

3டி ஸ்லைசர் பாஸ்டனின் பிரிகாம் மகளிர் மருத்துவமனையும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 1998-இல் ஒரு முதுகலை ஆய்வாகத் தொடங்கியது. இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். காசு கொடுத்து வாங்கும் ஆய்வக மென்பொருள்களோடு ஒப்பிட்டால் தோற்றத்தில் கரடுமுரடு, வேலையில் குறை சொல்ல இடமில்லை. கணினிக்கு 16 ஜி.பி. ரேம் வேண்டும். 8 ஜி.பி.யில் ஓட்ட வேண்டுமென்றால் முதலில் கிராப் வால்யூம் என்ற பகுதியில் எலும்பைச் சுற்றியுள்ள வெறும் காற்றை வெட்டித் தள்ளுங்கள். பாதிச் சுமை குறையும். வெட்டும்போது புள்ளி அளவை மாற்றும் தேர்வை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கஷ்டப்பட்டு வாங்கிய 0.3 மி.மீ. கை நழுவும்.

வேலை நடப்பது செக்மென்ட் எடிட்டரில். திரெஷோல்டு கருவியில் எல்லை எண்ணைக் கொடுப்பதுதான் தொடக்கம். இங்கே எல்லோரும் சறுக்குகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். எலும்பு 2200, காற்று −1000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சரியான எல்லை நடுவில், 600. அதே எலும்பு 900 உள்ள மணலைத் தொடும் இடத்தில் சரியான எல்லை 1550. ஒரே தாடையில் வெளிப்புறம் காற்று, உட்புறம் மணல். மொத்தத்துக்கும் 600 என்று வைத்தால் மணலும் எலும்பாகிவிடும். 1550 என்று வைத்தால் காற்றைத் தொடும் பக்கம் எலும்பு மெலியும், மெல்லிய தகடுகளில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை நோயின் அறிகுறி என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஆகவே ஒரே எண்ணை நம்பாமல், எலும்பு, மண், காற்று மூன்றுக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சம் வண்ணம் தீட்டிவிட்டு, விதையிலிருந்து வளர்க்கும் கருவியை ஓட்டுவது மேல். பத்துப் பதினைந்து ஸ்லைஸுக்கு ஒருமுறை மூன்று திசையிலும் தீட்டினால் போதும். முடிவைப் பார்த்து, தப்பிய இடத்தில் மேலும் ஒரு பொட்டு வைத்தால் அதுவாகத் திருத்திக்கொள்ளும்.

சுக்கான் ஒட்டிய தாடையில் இந்தக் கருவியும் தோற்றது. எண்ணில் வித்தியாசமே இல்லாத இடத்தில் எந்தக் கருவி என்ன செய்யும்? அங்கே ஒரே வழி, எலும்பின் ஓரத்தை அமைப்பை வைத்துக் கண்ணால் அடையாளம் கண்டு, ஏழெட்டு ஸ்லைஸுக்கு ஒருமுறை கையால் வரைந்து, இடையில் உள்ளவற்றை நிரப்பும் கருவியிடம் விடுவது. ஒரு தாடைக்கு இரண்டு முழு நாள் ஆகும். வரைபவர் ஒருவராக இருக்கக் கூடாது. இருவர் தனித்தனியாக வரைந்து ஒப்பிட்டால் எந்த இடம் உறுதி, எந்த இடம் ஊகம் என்று தெரிந்துவிடும். ஊகமான பகுதியை வேறு நிறத்தில் விடவும்.

மிருதுவாக்கும் கருவியில் கைவைக்கும்போது நிதானம் வேண்டும். கூட்டு மிருதுவாக்கல் 0.3 வரை சரி, 0.5-ஐத் தாண்டினால் தசை ஒட்டிய தழும்புகள் வழுக்கிப்போகும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அளக்க உதவாது. பிறகு தனித்தனியாக மிதக்கும் துண்டுகளை நீக்கி, எஸ்.டி.எல். கோப்பாக (மேற்பரப்பை முக்கோணங்களாகப் பதியும் வடிவம்) மில்லிமீட்டரில் வெளியே எடுக்கலாம். நைலான் தண்டின் விட்டத்தை அதிலேயே அளந்து வெர்னியர் அளவோடு பாருங்கள். ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எல்லை எண் தவறு.

ஸ்லைசர்மார்ஃப் என்ற இணைப்பும் இலவசம். மேற்பரப்பில் அடையாளப் புள்ளிகள் வைக்கவும், பல தாடைகளின் வடிவத்தைப் புரோக்ரஸ்டீஸ் முறையில் (அளவு, இடம், திசை வேறுபாட்டை நீக்கி வடிவத்தை மட்டும் பார்ப்பது) ஒப்பிடவும் அதில் எல்லாம் தயாராக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு தாடை கையில் இருக்கும்போது அதற்கு வேலை இல்லை. ஒப்பிட இன்றைய மாடு, எருமைத் தாடைகள் வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சுத்தம் செய்த எலும்புகள் இருக்கும். அவற்றையும் அதே இயந்திரத்தில், அதே அமைப்பில் ஸ்கேன் எடுப்பதே நியாயமான ஒப்பீடு.

மூன்று பொருளிலும் கிடைத்தவை

கொம்பு அடி முழு வெற்றி. மாட்டினத்தில் நெற்றியெலும்பின் காற்றறைகள் கொம்புக்குள்ளும் நீளும். அவற்றின் தடுப்புச் சுவர்கள் அத்தனையும் கிடைத்தன, அறைகளின் கொள்ளளவையும் கணக்கிட முடிந்தது. எலும்பின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

தாடையில், வெளியே இரண்டு பல் மட்டும் தெரிந்த இடத்தில், உள்ளே இன்னும் முளைக்காத மூன்றாம் கடைவாய்ப்பல் இருந்தது தெரிந்தது. விலங்கு வளர்ந்து முடியாத வயதில் இறந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. வேர்களும் நரம்புக் கால்வாயும் தெளிவு. சுக்கான் கவ்விய அடிவிளிம்பு மட்டும் கடைசிவரை ஐயத்துக்கு உரியதே.

தனிப் பல்லுக்கு இந்தச் சேவையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வேரும் கூழறையும் தெரிகின்றன. ஆனால் 1 மி.மீ. எனாமல் என்பது 0.3 மி.மீ. புள்ளிக் கணக்கில் மூன்றே புள்ளி. அதில் இரு ஓரப் புள்ளிகளும் பாதி எனாமல் பாதி வேறு பொருள். ஒரு புள்ளி தவறினாலே 30 சதவீதம் தவறு. நுண்வலை எலும்புக்கும் இதே கதி. அவற்றுக்கு மைக்ரோ சி.டி.தான் வழி, மைக்ரான் கணக்கில் பார்க்கும் அந்த இயந்திரத்துக்கு மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் கதிர் அளவு பல மடங்கு அதிகம் என்பதால் காலக்கணிப்பு எச்சரிக்கை அங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

முப்பரிமாண அச்சு எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக: எஸ்.டி.எல். கோப்பை மெஷ்லேப் என்ற மென்பொருளில் ஐந்து லட்சம் முக்கோணத்துக்குக் குறைத்து, ஓட்டைகளை அடைத்து, பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில் 0.2 மி.மீ. அடுக்கில் எடுத்தால் வகுப்பறைக்குப் போதுமான பிரதி வரும். வெயிலில் காரில் விட்டால் வளைந்துவிடும். அச்சுப் பிரதியிலிருந்து அளவு எடுக்கக் கூடாது. அளவு எப்போதும் கோப்பிலிருந்தே.

சேமிக்கும்போது மூன்றையும் சேர்த்து வையுங்கள்: மூல டைகாம் படங்கள், ஸ்லைசரின் செக்மென்ட் கோப்பு, எஸ்.டி.எல். மாதிரி எண், கிடைத்த இடம், ஸ்கேன் அமைப்புகள், எந்த எல்லை எண், யார் வரைந்தது எல்லாம் ஒரு சாதாரண உரைக் கோப்பில். எஸ்.டி.எல். மட்டும் வைத்திருந்தால், நாளை ஒருவர் 'இந்த மேடு எலும்பா, இல்மனைட்டா' என்று கேட்கும்போது பதில் சொல்ல எதுவும் இருக்காது. இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வேறு கட்டடங்களில் வைக்கவும்.